நாற்பத்து நான்காம் நாள்

லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று எழுதி ஒட்டியிருந்த தாளின் மேலேயே யாரோ ஒரு காகிதக் கொடியையும் ஒட்டி வைத்திருந்தார்கள். நாளைக்குச் சுதந்திர தினம். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பியபோதுதான் சென்னியப்பன் வரவேற்பறை நாற்காலியில் கோகிலவாணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று ஒரு கால் முதல் படியில் ஏறியும் விட்டது.

"அண்ணா."

"வாங்க அம்மிணி. அஞ்சு மணிக்குத்தானே மீட்டிங்கு? மணி ரெண்டுகூட ஆகலையே."

"வீட்ல உக்காந்திருக்க முடியலைங்கண்ணா. அந்த நாளோட லாக் பதிவு வந்துருச்சுங்களா?"

"தேடிட்டிருக்குதுங்க. பழைய நாளு பாருங்க, மெதுவாத்தான் வரும். டியூன் பண்ணிட்டிருக்கேன்."

"நான் அழுத்திட்டேனுங்கண்ணா. அந்தக்கா அட்ரஸ் சொல்லி முடிச்ச உடனே அழுத்திட்டேன். அதெல்லாம் உள்ள எழுதியிருக்கும்ல?"

"எல்லாம் எழுதியிருக்கும்," என்று சொல்லிவிட்டு ஏறினான்.

எல்லாம் எழுதியிருக்கும். முதல் மாடித் திருப்பத்தில் அந்த வார்த்தை கூடவே ஏறி வந்தது. வலது தோளில் ஒரு வாரமாக இருக்கிற வலி டப்பாவைப் பிடித்திருந்த கைவரைக்கும் இறங்கியது. எல்லாம் எழுதியிருக்கும் என்று அவளிடம் எத்தனையாவது தடவையாகச் சொல்கிறான், நாலா, ஐந்தா. அவளைச் சஸ்பெண்ட் செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இந்தக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் முப்பது பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், சுற்று வட்டாரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் அனுப்புகிற வேலை, அதில் ஆறு வருஷமாக ஏழாம் நம்பர் நாற்காலி கோகிலவாணியுடையது. போன் வரும், விலாசம் கேட்பாள், ஒரு பொத்தானை அழுத்துவாள், பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறதோ அதன் டிரைவருக்குச் செய்தி போகும். அவ்வளவுதான். ஜூலை ஒன்றாம் தேதி மத்தியானம் மூன்றேகாலுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சூலூர் போகிற ரோட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டாள், வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி என்று. வண்டி நாலு கிலோமீட்டரில்தான் நின்றிருந்தது. டிரைவருக்குச் செய்தி போனது மூன்று இருபத்தொன்றுக்கு. ஏழு நிமிடத்துக்கும் மேல். அந்த மனிதர், லேத் பட்டறை வைத்திருந்தவர், ஐம்பத்திரண்டு வயது, ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது உயிரோடு இல்லை. ஒரு மாதம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. ஸ்கிரீனில் பதிவாகியிருப்பது மூன்று இருபத்தொன்று மட்டும்தான், அதனால் கோகிலவாணி பொத்தானை அழுத்த மறந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று முடிவாகிவிட்டது. பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றான். நாற்பத்தேழு வயசுக்கு மூன்று மாடி அவ்வளவு பெரிய உயரமில்லை. இரண்டாம் மாடிக் கதவின் கண்ணாடி வழியாக ஏழாம் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து வாயசைப்பது தெரிந்தது. உள்ளே இருக்கிற சத்தம் எதுவும் வெளியே கேட்கவில்லை. அவன் மேலே பார்த்துக்கொண்டு ஏறினான்.

அவன் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிற மூன்றாம் மாடியில் ஏசி எப்போதும் போல அளவுக்கு மேல் குளிர்ந்தது. மேஜையில் காலையில் வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. ஸ்கிரீனில் மேனேஜர் பெனடிக்ட் சாருக்காகக் காலையில் போட்ட தேடல் அறுபது விநாடி சுற்றிவிட்டுச் செத்துக் கிடந்தது, சிவப்பில் ஒரு வரி, நேரம் முடிந்தது என்று. அது செத்துப்போகும் என்று போடும்போதே அவனுக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது அவனுக்குத் தெரியும் என்று. கீழே முப்பது பேர் தொடுகிற ஒவ்வொரு பொத்தானும், சாலையில் ஓடுகிற நூற்றெண்பது வண்டிகள் இரண்டு விநாடிக்கு ஒருதரம் நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்வதும் வரி வரியாக வந்து விழுந்துகொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு கோடி வரி. அதையெல்லாம் ஆறு சர்வர்களில் வைத்திருக்கிறார்கள். அவனுக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு நாளின் பதிவை இருபது துண்டாக வெட்டிப் போடுகிற மாதிரி அமைத்துவிட்டுப் போய்விட்டான், எதற்கு இருபது என்று கேட்க ஆள் இல்லை. ஒரு போன் நம்பரைத் தேடச் சொன்னால் ஆறு சர்வரும் நாற்பத்தைந்து நாளுக்குமாகத் தொள்ளாயிரம் துண்டுகளின் கதவைத் தட்டி, ஒவ்வொன்றிலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இந்த நம்பர் இருக்கிறதா என்று வாசித்து, அதற்குள் நேரம் முடிந்து, சிவப்பு வரி. போதாததற்குப் பழைய நாட்களெல்லாம் மெதுவான டிஸ்க் உள்ள இரண்டு சர்வரில் கிடக்கின்றன. அந்த ஒரு நாளை மட்டும் எடுத்து, வேகமான டிஸ்க்குக்குக் கொண்டு வந்து, இருபது துண்டை ஒன்றாக்கி, அழைப்பு எண்ணைத் தனி இடத்தில் எழுதி வைத்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் வரும். ஒன்றரை மணி நேர வேலை. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பன்னிரண்டு நாளாகச் செய்யாமல் இருக்கிறான். டியூன் பண்ணிட்டிருக்கேன். நல்ல வார்த்தை அது. வீணைக்காரர் தலையைச் சாய்த்துக்கொண்டு முடுக்கிக்கொண்டே இருக்கிற மாதிரி. கச்சேரி எப்போது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஜூனில் கைதட்டினார்கள். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தான், அது வந்தது. அன்றாடத் தேடல் நாற்பது விநாடி ஆகிக்கொண்டிருந்ததை மூன்று விநாடிக்குக் கொண்டு வந்திருந்தான், பெனடிக்ட் சார் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கேக் வெட்டினார், கேக்கின் மேல் க்ரீமில் மூன்று என்று எழுதியிருந்தது, கோகிலவாணிகூட மேலே வந்து ஒரு துண்டு வாங்கிக்கொண்டு, அண்ணா எனக்கு இதெல்லாம் புரியாது, ஆனா இனிமே ஸ்கிரீன் சுத்தாதுல்ல, என்று கேட்டாள். சுத்தாது அம்மிணி. அப்போது அவன் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை, ஒன்றாம் தேதி, போன மாதத்துத் துண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் சிதறிக் கிடக்கிற சிறு கோப்புகளைச் சேர்த்து ஒட்டுகிற ஒரு வேலையை எழுதி வைத்தான், துண்டு இருபது இருபதாகவே இருக்கும். ஒட்டும்போது டிஸ்க் படாத பாடு படும், அதனால் ராத்திரி மூன்று மணிக்கு வைக்க வேண்டும், அப்போதுதான் போன் குறைவு. சர்வர்களின் கடிகாரம் கிரீன்விச் நேரம். நம் ராத்திரி மூன்று அங்கே முந்தின நாள் இரவு ஒன்பதரை. ஒன்பதரை என்றால் இருபத்தொன்று முப்பது என்று எழுத வேண்டும். ஒன்பது முப்பது என்று எழுதினால் அது நம் மத்தியானம் மூன்று. இருபத்தொன்று முப்பது. ஒன்பது முப்பது. எதை எழுதினான்? இங்கேதான் எப்போதும் வந்து மாட்டுகிறது. கைவிரல்களை மேஜையில் வைத்துப் பார்த்தான், விரலுக்கு ஞாபகம் இருக்கும் என்பதுபோல. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, வீட்டிலிருந்து எழுதினான், பக்கத்தில் மகள் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு அப்பா இந்த இடத்துல என்ன போடறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அது ஞாபகம் இருக்கிறது. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடி ஞாபகம் இருக்கிறது. நேரம் ஞாபகம் இல்லை.

ஃபைலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாராவது சொல்லலாம். திறந்தான். கடிதம் வந்த அன்றைக்கு, ஆகஸ்டு இரண்டாம் தேதி சாயந்திரம், எல்லோரும் போன பிறகு திறந்தான். சும்மா ஒழுங்குபடுத்தத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு திறந்தான். இரண்டு, ஒன்று, மூன்று, பூஜ்யம் என்று விரல் அடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைக் கண் பார்க்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. பார்க்கவில்லை. அப்படி முடியுமா? முடிகிறது. எதை அழித்துவிட்டு எழுதினோம் என்று தெரியாமல் எழுத ஒரு மனுஷனால் முடிகிறது. ஒருவேளை இருபத்தொன்றே இருந்து, இருபத்தொன்றை அழித்து இருபத்தொன்று எழுதியிருக்கலாம். ஒருவேளை. டிஸ்க் மூச்சு முட்டினால் கீழே ஆம்புலன்ஸ் புரோகிராமுக்கு என்ன? ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்வார்கள், லாக் வேறு, அழைப்பு வேறு. ஆனால் அந்தப் புரோகிராம் எழுதின விதத்தை அவன் ஒருதரம் படித்திருக்கிறான். எதைச் செய்தாலும் முதலில் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். எழுத இடம் கிடைக்காவிட்டால் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியாகிவிட்டது, திரையில் பொத்தான் பச்சையாகிவிட்டது, செய்தி மட்டும் வாசலில் நிற்கிறது.

நின்றிருந்ததா, தெரியாது. ஜூலை ஒன்றாம் தேதியின் பதிவுக்குத்தான் தெரியும். நாற்பத்தைந்து நாள் ஆன பதிவு தானாக அழிந்துபோகும், நாளைக்குக் காலை ஐந்தரைக்கு ஜூலை ஒன்று போய்விடும். இதையும் அவனைத் தவிர யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இன்றைக்கு நாற்பத்து நான்காம் நாள். ஒன்றும் செய்ய வேண்டாம். யாரையும் ஏமாற்ற வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம். இந்த ஆறிய டீயைக் குடித்துவிட்டு, தோள் வலிக்கிறது என்று அரை மணி முன்னதாக வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும். களைப்பாக இருந்தால் போதும். களைப்புக்குக் குறைவே இல்லை.

போன் அடித்தது. பெனடிக்ட் சார்.

"சென்னி, என்ன ஆச்சு? அஞ்சு மணிக்குள்ள ஏதாவது வருமா?"

"பாத்துட்டிருக்கேன் சார்."

"இல்ல, வராதுன்னா வராதுன்னு ரெண்டு வரி மெயில் போட்ருங்க. பழைய டேட்டா, சிஸ்டம் தாங்கலைன்னு. அதுல தப்பே இல்லை. நீங்க ஒருத்தர் எவ்வளவுதான் பண்ணுவீங்க. நாளைக்கு லீவு வேற, எல்லாம் முடிச்சுட்டுப் போயிரலாம்."

"சரிங்க சார்."

நல்ல மனிதர். உண்மையிலேயே நல்ல மனிதர், நீங்க ஒருத்தர் எவ்வளவுதான் பண்ணுவீங்க என்று அவனிடம் வேறு யாரும் சொன்னதில்லை. மெயிலைத் திறந்து, பழைய பதிவு என்பதால், என்று அடித்தான். என்பதால் என்ற சொல்லுக்குப் பிறகு கோடு மினுக்கிக்கொண்டே நின்றது. கீழே உட்கார்ந்திருக்கிறாள். பச்சை நிறப் பருத்திப் புடவை, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் என்னவோ சான்றிதழ்கள், ஆறு வருஷத்தில் இரண்டு தடவை நல்ல பணியாளர் என்று கொடுத்தது, அதை எதற்கு எடுத்து வந்தாள், யாரிடம் காட்டப் போகிறாள். என்பதால். அவன் மெயிலை மூடவும் இல்லை, முடிக்கவும் இல்லை. அதன் பக்கத்தில் கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஜூலை ஒன்று, இருபது துண்டு, வேகமான டிஸ்க் உள்ள ஐந்தாம் சர்வருக்கு, என்று அடிக்க ஆரம்பித்தான். ஏன் ஆரம்பித்தான் என்று பிறகு யோசித்தபோதும் அவனுக்குத் தெளிவாக இல்லை. தைரியம் என்று சொல்ல முடியாது. மெயிலின் அடுத்த வார்த்தைக்கு என்ன போடுவது என்று தெரியாததால்கூட இருக்கலாம்.

கடைசி வரியில் கை நின்றது. வேகம் எவ்வளவு? கட்டுப்பாடு போடாமல் விட்டால் இருபது நிமிடத்தில் முடியும். விட்டால் டிஸ்க் திணறும். திணறினால் கீழே, இப்போது, இந்த வியாழக்கிழமை மத்தியானம். சுவரில் மாட்டியிருந்த பலகையில் நடப்பிலுள்ள அழைப்புகள் பதினொன்று என்று எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டானது. பன்னிரண்டு வீடு. இத்தனை நாளாக ஒருவேளை, ஒருவேளை என்று சொல்லிக்கொண்டிருந்தவனின் கை, ஒன்றுமே நடந்திருக்காது என்று நிஜமாக நம்பியிருந்தால், இங்கே ஏன் நிற்க வேண்டும்? கை நின்றதே. மனசு பன்னிரண்டு நாளாகச் சொல்லாததைக் கை சொல்லிவிட்டது. அவன் கட்டுப்பாட்டைப் போட்டான், மிகக் குறைந்த வேகம், டிஸ்க்கில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தொடக் கூடாது. அழுத்தினான். திரையில் ஒரு சதவீதம் என்று வந்தது. மணி இரண்டு நாற்பது.

அதற்குப் பிறகு பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேலை இல்லை. நாலு சதவீதம். அறையின் மறுகோடியில் நாளைய விழாவுக்காகப் பலூன் ஊதிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றை உடைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒன்பது சதவீதம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் கணக்குத் தாளில் பதிவு எண்ணை எழுதும்போது ஆறு போட்டோமா ஒன்பது போட்டோமா என்று சந்தேகம் வந்து, ரிசல்ட் வரும்வரை சோறு இறங்காமல் கிடந்தது ஞாபகம் வந்தது. கடைசியில் சரியாகத்தான் எழுதியிருந்தான். நூற்று எண்பத்து மூன்று மார்க்கு. அன்றைக்குப் பயந்தது வெறும் பயம். இதுவும் அப்படித்தான் இருக்கும், தன் சுபாவமே அது, கதவைப் பூட்டினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிற சுபாவம். இந்த நினைப்பு இளஞ்சூடாக இருந்தது, அதற்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பதினாறு சதவீதம். ஆனால் பரீட்சைத் தாளைத் திருத்த அன்றைக்கு அவன் திரும்பி உள்ளே போகவில்லை. இதில் போய்த் திருத்தியிருக்கிறான். பயப்படுகிறவன் பார்ப்பான், பார்க்காமல் திருத்துகிறவன் யார்? தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டான். இருபத்திரண்டு.

அந்த அழைப்பின் ஒலிப்பதிவு பத்தொன்பது நிமிடம். விசாரணைக்காக அவனிடமும் ஒரு பிரதி வந்தது, ஒருதரம் கேட்டால் போதும், எட்டுத் தரம் கேட்டிருக்கிறான். ஏனுங்க, சீக்கிரம் அனுப்புங்க, என்று அந்த அம்மாள். வண்டி கிளம்பிருச்சுங்க்கா, வந்துட்டே இருக்குது, நீங்க அவரை நேரா படுக்க வைங்க, என்று கோகிலவாணி. பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. சோற்றுக்கு வைத்ததை யாரும் இறக்கவில்லை. நெஞ்சு மத்தியில ரெண்டு கையையும் வெச்சு அமுக்குங்க, நான் எண்ணறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு. விசில். வண்டி வந்துட்டே இருக்குதுங்க்கா. விசில். இப்ப எங்கீங்க வருது? சிங்காநல்லூர் தாண்டியிருக்கும்க்கா. அவள் எண்ணுவதை நிறுத்தவே இல்லை, நூறு வரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து. பதினான்கு விசில். எட்டுத் தரமும் பதினான்குதான், குறையாதா என்று எண்ணினான். இப்போதெல்லாம் வீட்டில் மனைவி மணிமேகலை குக்கரை அடுப்பில் ஏற்றினால் அவன் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான். உனக்கு என்னதான் ஆச்சு என்று போன வாரம் கேட்டாள். தோள் வலி என்றான். மொட்டை மாடிக்குப் போனால் தோள் வலி போயிருமா என்று கேட்டாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது, நான் ஒருவேளை ஒரு ஆளை, என்று ஆரம்பிக்கிற வாக்கியம் எங்கே போய் முடியும். நாற்பத்தேழு சதவீதம், தன் வயசு. அந்த எண்ணிலேயே ரொம்ப நேரம் நிற்கிற மாதிரி இருந்தது. சுவர்ப் பலகையில் அழைப்பு எட்டு, ஒன்பது, எட்டு. ஒவ்வொரு தடவை எண் மாறும்போதும் எத்தனை நொடியில் வண்டி கிளம்புகிறது என்று பக்கத்துக் கட்டத்தில் பார்த்தான். இரண்டு நொடி. மூன்று நொடி. இரண்டு நொடி. இதை ஜூலையில் ஒருநாள் பார்த்திருந்தால். பார்க்க வேண்டிய வேலை அவனுடையது இல்லை, யாருடையதும் இல்லை. அறுபத்து மூன்று. தூக்கம் வந்தது. இந்த நேரத்தில் எப்படித் தூக்கம் வரும் என்று ஆச்சரியமாக இருந்தது, ஆனால் கண் எரிந்து, எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பன்னிரண்டு நாளாக ராத்திரியில் வராதது பாதுகாப்பான இடம் என்று நினைத்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. எண்பது. மின்விசிறியின் சத்தம். தொண்ணூற்றொன்று.

முடிந்தது என்று வந்தபோது மணி நாலு ஐந்து. அழைப்பு எண்ணை அடித்துத் தேடு என்று அழுத்தினான். விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது. இவ்வளவு வேகத்தை அவன் வாழ்க்கையில் எந்த சர்வரிலும் கொண்டு வந்ததில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள், மேலிருந்து கீழாக, அமைதியாக. கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரையைக் கூட்டிக்கொண்டே படித்தான். மூன்று பதினான்கு, நாற்பதாவது விநாடி: ஏழாம் நாற்காலி, வண்டி அனுப்பு பொத்தான் அழுத்தப்பட்டது. அழைப்பு வந்த முப்பத்தோராவது நொடி. அவள் சொன்ன மாதிரியேதான், விலாசம் முடிந்த உடனே. அடுத்த வரி: பதிவு எழுதக் காத்திருக்கிறது. அடுத்த வரி: பதிவு எழுதக் காத்திருக்கிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை அதே வரி, இடம் கிடைத்த பிறகு மொத்தமாக எழுதப்பட்டவை. ஸ்கிரீனைத் தள்ளத் தள்ள அதே வரி. எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினான், நாற்பத்தொரு தடவை. மூன்று இருபத்தொன்று, முப்பத்தெட்டாவது விநாடி: வண்டிக்குச் செய்தி அனுப்பப்பட்டது. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டான் என்று தெரிந்தது. அதே நாளில் சேர்த்து ஒட்டுகிற வேலை எப்போது ஓடியது என்று கேட்டான். ஒரே ஒரு வரி. ஆரம்பம், ஒன்பது முப்பது. ஐந்தரையைக் கூட்டினால் மத்தியானம் மூன்று. எழுதியவர் என்ற இடத்தில் சின்ன ஆங்கில எழுத்தில் அவன் பெயர்.

நெஞ்சில் அடிக்கும் என்று நினைத்திருந்தான். அடிக்கவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் காலில் ரத்தம் திரும்பி வரும்போது குடையுமே, அப்படி உடம்பு முழுக்க ஒன்று குடைந்தது. ஒன்பது முப்பது. ஆக ஒன்பதுதான். இனிமேல் அதை யோசிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு கேள்வி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று அது போன பிறகுதான் தெரிந்தது, அந்தக் காலி இடத்துக்குள் லேத் பட்டறைக்காரர் வந்து நின்றார், முகம் இல்லாமல், எண்ணெய்க் கறை படிந்த கையோடு. வண்டி மூன்று பதினைந்துக்குக் கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டர்கள் சொல்ல முடியாது என்பார்கள். சொல்ல முடியாது என்பது அவனுக்குச் சாதகமான பதிலா? இல்லை. அது எந்தப் பக்கமும் சாயாமல் அப்படியே இருக்கப்போகிற பதில். பிறகு ஆகஸ்டு ஒன்றாம் தேதி ஞாபகம் வந்தது, அன்றைக்கும் மூன்று மணிக்கு ஓடியிருக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்த நாளையும் தேடினான். சமீபத்து நாள், சீக்கிரமே வந்தது. இரண்டு அழைப்பு மாட்டியிருந்தது. ஒன்று கால் எலும்பு முறிவு, நாலு நிமிடம். இன்னொன்று பிரசவ வலி, ஆறு நிமிடம். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, தாய் நலம், குழந்தை நலம் என்று டிரைவர் கடைசியில் எழுதியிருந்தார். அந்த இரண்டு நலத்தையும் பார்த்தபோதுதான் கண் நிறைந்தது. யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

மணி நாலு இருபத்தைந்து. பிரிண்டர் பக்கத்தில் நின்றான். முதல் தாளில் பொத்தான் அழுத்திய நேரம், காத்திருந்த வரிகள், செய்தி போன நேரம். இது போதும். கோகிலவாணிக்கு இது போதும், இன்றைக்கே அவளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், கணினித் தாமதம் என்று எழுதுவார்கள், கணினியைச் சஸ்பெண்ட் செய்ய முடியாது. பெனடிக்ட் சாருக்கும் நிம்மதி. தன் பெயர் வருகிற இரண்டாம் தாளை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்குத் தெரியாது. இவ்வளவு தூரம் வந்தும் மனசு இன்னும் ஒரு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அவனுக்கே அலுப்பாக இருந்தது. இதே மனசோடுதான் நாளைக்கும் எழுந்திருக்க வேண்டும். அந்தப் புரோகிராம் இன்னும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற புரோகிராம்தான், டிஸ்க் வேறு எதற்காகத் திணறினாலும் நிற்கும், ஏன் நின்றது என்று எழுதாவிட்டால் யாரும் மாற்றமாட்டார்கள். நியாயத்தால் செய்தான் என்று சொல்ல முடியாது. இன்னொரு பன்னிரண்டு நாள் தன்னால் முடியாது என்றுதான் தோன்றியது. மேஜைக்குத் திரும்பி, என்பதால் என்று நின்றிருந்த மெயிலை அழித்துவிட்டு, இரண்டாம் தாளை எழுதினான். ஜூலை ஒன்று, ஆகஸ்டு ஒன்று, ஒன்பது முப்பது, தன் பெயர், ஆகஸ்டு இரண்டாம் தேதி யாரிடமும் சொல்லாமல் அதைத் திருத்தியது. நாளைக்கு அழியவிருந்த பதிவைத் தனியாக எடுத்து வைத்திருப்பது. பதிவு எழுதுவதற்காக அழைப்பு காத்திருக்கக் கூடாது என்று உடனே மாற்ற வேண்டியது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்தான். இரண்டு தாளையும் இரண்டிரண்டு பிரதி எடுத்தான்.

படியில் இறங்கி வரவேற்பறைக்கு வந்தான். அவள் அதே நாற்காலியில்தான் இருந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நீங்க அழுத்திட்டீங்க அம்மிணி. முப்பத்தொண்ணாவது செகண்டுல."

அவள் தலையசைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவள் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப வண்டி கிளம்பிருச்சு, வந்துட்டே இருக்குதுன்னு அந்தக்காகிட்டச் சொல்லிட்டே இருந்தேனுங்களே..."

"கிளம்பலைங்க."

"சிங்காநல்லூர் தாண்டிருச்சுன்னு வேற சொன்னேன்."

"அப்ப அது நின்ன எடத்துலயேதான் நின்னுச்சு."

"கிளம்பலைன்னு எனக்குத் தெரியாதுல்லீங்கண்ணா? நான் பொய் சொல்லலையே?"

"நீங்க பொய் சொல்லலைங்க. பொத்தான் பச்சை ஆயிருச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க."

அவள் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் ஆடியது. வேலைக்காக அவள் அழவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தப் பன்னிரண்டு நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். அதற்கான பதில் மூன்றாம் மாடியில் அவனிடம் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்புறம் எதுனாலீங்கண்ணா நின்னுச்சு?"

அவன் இரண்டு தாளையும் கொடுத்தான், இரண்டாம் தாள் மேலே. அவள் மெதுவாகப் படித்தாள், விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு. அவன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இது உங்களுக்கு எப்பருந்து தெரியுங்க?"

"இன்னிக்கு நாலு மணிக்கு," என்றான். அது உண்மைதான். பிறகு, "தெரிஞ்சுக்காம இருந்தேன் அம்மிணி. பன்னெண்டு நாளா," என்றான்.

இரண்டு தாளையும் ஒன்றாக வைத்து, சரியாக நேராக்கி, சான்றிதழ்கள் இருந்த உறைக்குள் போட்டுக்கொண்டாள். அண்ணா என்று கூப்பிடவில்லை. மீட்டிங் அறையின் கதவு திறந்தது. பெனடிக்ட் சார் எட்டிப் பார்த்து, "கோகிலவாணி, வாங்க," என்றார். அவனையும் பார்த்துவிட்டு, "என்ன சென்னி, மெயில் வரவேயில்லை?" என்று கேட்டார்.

"நேர்ல சொல்லிடறேன் சார்," என்று சென்னியப்பன் எழுந்தான். அவள் முன்னால் போனாள். கதவருகில் ஒரு கணம் நின்று, அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே நுழைந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.